கடவுளை நம்பாதவர் கோவிலுக்காகப் பேசலாமா?

திருகோணமலை நகரை அடுத்த உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். வயது 24. அவர் கேட்டதைச் சுருக்கித் தருகிறேன்:

"எனக்குக் கடவுள் நம்பிக்கை விட்டுப்போய் மூன்று வருடமாகிறது. 2025 நவம்பரில் நம்முடைய கடற்கரையில் புத்தர் சிலைப் பிரச்சினை வந்தபோது கூட்டாளி ஒருவன், 'நமக்கென்ன, எல்லா மதமும் குப்பைதான், அடிபட்டுச் சாகட்டும்' என்றான். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் சரியில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. நாத்திகன் மதச் சுதந்திரத்துக்காகப் பேசினால் முரண்பாடு இல்லையா? நம்புகிறவர்களைச் சகித்துக்கொள்வது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? இன்னொன்று, சிவராத்திரிக்கு அம்மா கோணேசர் கோவிலுக்கு வரச்சொல்லிக் கேட்கிறா. போகலாமா?"

தம்பி, நானும் உங்கள் பக்கத்து ஆள்தான். பதினெட்டு வயதில் எனக்கு நம்பிக்கை விட்டது, இப்போது அறுபத்தாறு. முப்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்துப் பாடசாலைகளில் வரலாறு படிப்பித்தேன். உங்கள் கூட்டாளி பேசியதை இருபது வயதில் நானும் பேசியிருக்கிறேன். அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு பிழை. எங்கே பிழை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்களும் நானும் நம்பாமல் இருக்கலாம் என்ற உரிமை எங்கே எழுதியிருக்கிறது என்று எப்போதாவது தேடிப் பார்த்தீர்களா? 1978 அரசியலமைப்பில் நாத்திகருக்கென்று தனியாக ஒரு வரியும் கிடையாது. 10ஆம் உறுப்புரைதான் நமக்கும் இருக்கிறது. ஆள் ஒவ்வொருவருக்கும் சிந்தனைச் சுதந்திரம், மனச்சாட்சிச் சுதந்திரம், மதச் சுதந்திரம் உண்டு. தான் விரும்பிய மதத்தையோ நம்பிக்கையையோ கொண்டிருக்கவும் மேற்கொள்ளவும் உரிமை உண்டு என்கிறது அது. உங்கள் அம்மா கோணேசரைக் கும்பிடுவதும், கிண்ணியாவில் ஒருவர் ஐந்து நேரம் தொழுவதும், நீங்கள் இரண்டையும் செய்யாமல் இருப்பதும் அந்த ஒரே வசனத்தின் கீழ்தான் வருகின்றன. பேச்சுரிமைக்கும் வழிபாட்டை வெளியில் நடத்தும் உரிமைக்கும் 15ஆம் உறுப்புரை மட்டுப்பாடு வைக்கிறது. 10ஆம் உறுப்புரைக்கு மட்டுப்பாடே இல்லை. அதை மாற்றுவதென்றால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு போதாது, மக்கள் தீர்ப்பும் வேண்டும். அவ்வளவு உறுதியான கூரை. நம்புகிறவர்கள் நனையட்டும் என்று ஓட்டைக் கழற்றினால் நாமும் சேர்ந்துதான் நனைவோம்.

1993இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு இதை இன்னும் தெளிவாகச் சொன்னது. மதச் சுதந்திரம் பற்றிய சர்வதேச விதி கடவுளை ஏற்கும் நம்பிக்கைகளைப் போலவே கடவுளை மறுக்கும் நிலைப்பாட்டையும் பாதுகாக்கிறது, எந்த மதத்தையும் பின்பற்றாமல் இருக்கும் உரிமையும் அதற்குள் அடங்கும் என்பது அந்த விளக்கம்.

வரலாற்றிலும் இந்த இரண்டு உரிமைகளும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கின்றன. 1880இல் சார்ல்ஸ் பிராட்லோ என்ற நாத்திகர் இங்கிலாந்தின் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். கடவுளின் பேரால் சத்தியம் செய்யாமல், உறுதிமொழி மட்டும் சொல்லி அமர இடம் கேட்டார். விடவில்லை. திரும்பத் திரும்பத் தேர்தலில் வென்று, 1886இல்தான் இருக்கை கிடைத்தது. 1888இல் சட்டமே மாறியது. இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று: சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி என்ற வழி அவர் காலத்துக்கு ஏறக்குறைய இருநூறு வருடம் முன்பே ஆங்கிலச் சட்டத்தில் இருந்தது. அதை வாங்கியவர்கள் நாத்திகர் இல்லை. குவேக்கர் என்ற ஆழ்ந்த பக்தியுள்ள கிறிஸ்தவர்கள், சத்தியம் செய்வதை இயேசு தடுத்தார் என்று சொல்லி மறுத்தவர்கள். அந்த மக்களின் மனச்சாட்சிக்காகத் திறந்த கதவைக் காட்டித்தான் பிராட்லோ எனக்கும் திறவுங்கள் என்று கேட்டார். இன்று நம்முடைய நீதிமன்றத்தில் சாட்சிக்கூட்டில் ஏறி, கடவுளின் பெயர் சொல்லாமல் நான் உறுதியுரைக்கும்போதெல்லாம் அந்தக் குவேக்கர்களை நினைத்துக்கொள்வேன்.

இனி "சகிப்பு" என்ற சொல். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. வெயிலைச் சகிக்கிறோம், பல்வலியைச் சகிக்கிறோம். அடுத்த வீட்டு மாமி வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதை நான் ஏன் சகிக்க வேண்டும்? அது அவருடைய வீடு, அவருடைய விளக்கு, அவருடைய மனம். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. சகிப்பு என்று சொல்லும்போதே, தடுக்கும் அதிகாரம் என்னிடம் இருக்கிறது, பெரிய மனதோடு விட்டுக்கொடுக்கிறேன் என்ற ஒரு மிதப்பு உள்ளே வந்துவிடுகிறது. அந்த அதிகாரம் எவர் கையிலும் இருக்கக்கூடாது. நாத்திகர் கையில் இருந்தபோது என்ன நடந்தது என்று பார்த்துவிட்டோமே.

சோவியத் ஒன்றியத்தில் 1931இல் மொஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அல்பேனியாவில் 1967இல் பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மூடி, உலகின் முதல் நாத்திக அரசு என்று பெருமையாக அறிவித்தார்கள். 1976இல் அதை அரசியலமைப்பிலும் எழுதினார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த குருமாரைத் தண்டித்தார்கள். 1990இல் அந்த ஆட்சி தளர்ந்தபோது மக்கள் தாங்களாகவே பள்ளிவாசலுக்கும் பூசைக்கும் திரும்பினார்கள். இருபத்து மூன்று வருடம் பொலிஸை வைத்து மிதித்தும் போகாத நம்பிக்கை அது. நான் வரலாற்று வாத்தியார் என்பதால் இதை மறைத்துப் பேச முடியாது. "மதவாதிகள் செய்த கொடுமை" என்று பட்டியல் போடும் நம் ஆட்கள் பலர் இந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை. திருப்ப வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழியும் நம்மிடம் உண்டு. 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசாமி கோவில் வாசலில் என்ன நடந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போய்க் கும்பிட வேண்டும் என்று வாசலில் இருந்தார்கள். முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் அவர்களைத் தடுக்கும் பக்கத்தில் முன்னுக்கு நின்றார். அந்த மக்களோடு நின்றவர்களில் முக்கியமானவர்கள் நா. சண்முகதாசனின் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள். மாக்சியம் படித்தவர்கள். அந்தக் கோவிலின் மூலஸ்தானத்தில் தெய்வம் இருக்கிறது என்று எண்ணி அவர்கள் அங்கே போகவில்லை. ஆனாலும் அடுத்தவர் உள்ளே போய்க் கும்பிடுவதற்காக அடி வாங்கினார்கள். 1924இல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்க வேண்டும் என்று பெரியார் சிறைக்குப் போனதும் இந்த வகைதான். நாத்திகர் கோவில் விடயத்தில் பேசலாமா என்று நீங்கள் கேட்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வாசல்கள்தான். மனிதரின் மதிப்பு பற்றிய கேள்வி அங்கே வந்துவிட்டால், உள்ளே இருப்பது கல்லா கடவுளா என்ற விவாதம் காத்திருக்கலாம்.

நம்முடைய கோணேசர் கோவிலையே எடுங்கள். 1622இல் போர்த்துக்கீசர் இடித்தார்கள். கோவில் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். மீதி கடலுக்குள் போனது. 1950இல் நகரத்தில் கிணறு வெட்டும்போது பழைய செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள் இருந்து வந்தன. 1956இல் மலையடிக் கடலுக்குள் இரண்டு வெள்ளைக்காரர் மூழ்கிப் பார்த்தார்கள். ஒருவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், மற்றவர் அவருடைய தோழர் மைக் வில்சன். இடிந்த கோவிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடந்தன. வில்சன் மீட்ட லிங்கம் இன்றும் கோவிலில் இருக்கிறது. 1963இல் திரும்பக் கட்டிய கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. பிறகு அந்த இரண்டு பேருக்கும் என்ன ஆனது தெரியுமா? வில்சன் துறவியாகி, சுவாமி சிவகல்கி என்று பெயர் வைத்துக்கொண்டார். கிளார்க் கடைசிவரை நம்பாதவராகவே இருந்து, 2008இல் கொழும்பில் இறந்தபோது தன் அடக்கத்தில் எந்த மதச் சடங்கும் வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். ஒரே கடலில் ஒன்றாக மூழ்கியவர்கள். ஒருவர் சாமியார் ஆனதும் மற்றவர் ஆகாததும் அவரவர் பாடு. கோவில் கல்லைக் கடலில் கண்டு ஊருக்குச் சொன்னதில் இருவருக்கும் பங்கு உண்டு. வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போது பிள்ளைகள் சத்தமே போடாமல் கேட்பார்கள்.

சரி, உங்கள் கூட்டாளி சொன்ன விடயத்துக்கு வருவோம். திருகோணமலையில் சிலை வந்தால் அது ஏன் சிலையோடு நிற்பதில்லை? 2005 மே மாதம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரவில் புத்தர் சிலை எழுந்தது. அப்போது நீங்கள் சின்னக் குழந்தை. நகரம் நாட்கணக்கில் அடைத்துக் கிடந்தது. கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகளுக்குப் பக்கத்துப் பழைய பிள்ளையார் கோவில் அத்திவாரத்தில் விகாரை வேலை தொடங்கியபோது, 2019 ஜூலையில் சனம் திரண்டு போனது. விடயம் நீதிமன்றம் வரை போனது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்றை அமைத்தார்கள். மூன்று இனமும் வாழும் மாகாணம், தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பெரும்பான்மை. செயலணியை அறிவித்தபோது அதில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. பிறகு 2025 நவம்பரில் கடற்கரையில் வைத்த சிலையைப் பொலிஸார் இரவில் எடுத்தார்கள், மறுநாள் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள்.

இதைப் பார்த்து "எல்லா மதமும் குப்பை" என்று சொல்லிவிட்டு நடப்பது இலேசு. ஆனால் அப்படிச் சொல்லும்போது பறித்தவரையும் பறிகொடுத்தவரையும் ஒரே தராசில் போட்டுவிடுகிறோம். நான் பார்க்கும் விதம் வேறு. புத்தர் சிலைக்கு முன் தாமரை வைக்கிற சிங்கள அம்மாவோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. 2012 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் முஸ்லிம்கள், 30 பேர் தமிழர், 27 பேர் சிங்களவர். அந்த 27 பேருக்கும் வழிபட இடம் வேண்டும், அது அவர்களுடைய உரிமை, இரந்து வாங்க வேண்டியது இல்லை. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. காணி யாருடையது? அனுமதி எடுத்ததா? அதே இடத்தில் ஒரு பிள்ளையாரையோ சிலுவையையோ பள்ளிவாசல் சுவரையோ இரவோடிரவாக வைத்திருந்தால் அதே பொலிஸ் அதே மாதிரி நடந்திருக்குமா? இந்தக் கேள்விகளைக் கேட்கக் கடவுள் நம்பிக்கை தேவையில்லை. சொல்லப்போனால், என் சாமி உன் சாமி என்ற பிடிப்பு இல்லாத நாம்தான் இவற்றைக் குரல் உயர்த்தாமல் கேட்க முடியும். நம்முடைய ஆட்கள் இன்னொருவர் காணியில் சூலம் நட்டாலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்டிருக்கிறேன். அதற்காக ஒரு வருடம் ஒரு வீட்டுக் கலியாணத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை.

இதன் வேர் 9ஆம் உறுப்புரையில் இருக்கிறது. பௌத்தத்துக்கு முதன்மை இடம், அதைப் பாதுகாத்து வளர்ப்பது அரசின் கடமை, மற்ற மதங்களுக்கு அவற்றுக்குரிய உரிமைகள் என்று அது சொல்கிறது. அரசு ஒரு மதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மற்ற மதத்தார் பின்னால் வருவார்கள். நம்மைப் போன்றவர்கள் பாதையிலேயே தெரியமாட்டோம். நான் வேண்டுவது மதச்சார்பற்ற அரசு. அரசுதான் மதத்தை விட வேண்டும். குடிமக்கள் விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

கொரோனாக் காலத்தைச் சொல்லாமல் இதை விட முடியாது. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி, தொற்றால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்றது. நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனமோ புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரி என்று சொல்லியிருந்தது. அந்த டிசம்பரில் பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் குழந்தையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள். கொழும்பில் பொரளை மயான வேலியில் மக்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள்.

என்னோடு படிப்பித்த கிண்ணியா நண்பர் ஒருவர். அவருடைய நானா, அதாவது அண்ணன், கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் அந்தத் தை மாதம் காலமானார். எரித்துச் சாம்பலை வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். நண்பர் எனக்குத் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "மாஸ்டர், குளிப்பாட்டக்கூட விடேல்ல." பிறகு பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

தம்பி, என் கணக்கில் இறந்த உடல் உடல்தான். எரித்தாலும் ஒன்று, புதைத்தாலும் ஒன்று. என்னுடையதை மருத்துவ பீடத்துக்குக் கொடுக்க எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் அந்த இரவில் எனக்கு ஒன்று விளங்கியது. எனக்கு அது ஒன்றுதான் என்பது அவரிடம் சொல்லத்தக்க வார்த்தையே இல்லை. மறுமையில் எழுப்பப்படுவோம் என்று நம்பி வாழ்ந்த ஒரு மனிதருடைய கடைசி விருப்பத்தை, விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி, விஞ்ஞானமே சொல்லாத ஒரு காரணத்துக்காக மிதித்தார்கள். பகுத்தறிவு பேசுகிறவர்கள்தான் அங்கே முதலில் கத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் திருடு போனது நம்முடைய சொல். வர்த்தமானி வந்து பத்து மாதத்துக்குப் பிறகு, 2021 பெப்ரவரியில் அந்த விதியை மாற்றினார்கள். ஓட்டமாவடியில் புதைக்க இடம் கொடுத்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நண்பரின் நானாவுக்கு இரண்டும் பிந்திவிட்டன.

உடை விடயமும் இதோடு சேர்ந்ததுதான். 2018இல் நம் நகரின் ஓர் இந்துப் பெண்கள் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரக்கூடாது என்று போராட்டம் நடந்தது. 2024இல் உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் காதை மூடி முக்காடு போட்டிருந்தார்கள் என்று இங்குள்ள எழுபது மாணவிகளின் பெறுபேறுகளை நிறுத்திவைத்தார்கள், பிறகு விட்டார்கள். பெண்ணின் தலையை மூடச் சொல்லும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை, அதை முஸ்லிம் நண்பர்களிடமே சொல்லி வாதாடியிருக்கிறேன். ஆனால் ஒரு பெண் என்ன உடுப்பது என்பதை அவளுடைய வாப்பா தீர்மானிப்பது பிழை என்றால், அதிபரும் பரீட்சை மேற்பார்வையாளரும் தீர்மானிப்பதும் பிழைதான். பரீட்சையில் களவு நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமா, ஒரு பெண் மேற்பார்வையாளரை வைத்துக் காதைப் பார்த்துவிட்டு எழுத விடலாம். ஐந்து நிமிட வேலை.

வாயை மூடிக்கொண்டு இருப்பதா என்று கேட்டீர்கள். இல்லவே இல்லை. பேச வேண்டும், எழுத வேண்டும், வாதாட வேண்டும். ஒரு மனிதரை மதிப்பது வேறு, அவர் நம்புகிற கருத்து விமர்சனத்துக்கு அப்பாற்பட்டது என்று ஒப்புக்கொள்வது வேறு. ஆபிரகாம் கோவூரை நம்முடைய தலைமுறை தமிழில் விரும்பிப் படித்தது. கேரளத்தில் இருந்து வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர். 1963இல் ஒரு இலட்சம் ரூபாய் பந்தயம் வைத்தார்: அற்புத சக்தி இருப்பதாகச் சொல்கிறவர் ஏமாற்றுக்கு இடமில்லாத சோதனையில் அதைக் காட்டட்டும் என்று. 1978இல் அவர் சாகும்வரை ஒருவரும் வெல்லவில்லை. அவர் யாரை நோக்கிச் சவால் விட்டார் என்று பாருங்கள். சூனியம் எடுக்கிறேன், பேய் ஓட்டுகிறேன் என்று காசு பறிக்கிறவர்களை. நேர்த்தி வைத்து மண்சோறு சாப்பிடும் ஏழைத் தாயை அவர் மேடையில் ஏற்றிச் சிரிக்கவில்லை. நான் பின்பற்றுவது அந்த ஒழுங்கைத்தான். மேலே இருப்பவனைக் கேள்வி கேள், கீழே இருப்பவளின் கையில் உள்ள கற்பூரத்தைத் தட்டிவிடாதே.

சட்டம் இங்கே ஒரு வில்லங்கம். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயத்தை நம் நாட்டில் செயற்படுத்த வந்தது. அதன் 3ஆம் பிரிவு மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கிறது. அது பிடித்தது யாரை? 2019இல் ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமாரவை நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே வைத்தது. 2020இல் ரம்ஸி ராசிக்கை ஒரு முகநூல் பதிவுக்காக. பேனாவாலும் கணினியாலும் கருத்துப் போர் செய்வோம் என்று எழுதிய, தொழுகை தவறாத முஸ்லிம் அவர். 2023இல் நதாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவைக் கலைஞரை. விகாரையைப் பற்றிக் கதை எழுதியவரும் பிடிபட்டார், ஈமான் உள்ளவரும் பிடிபட்டார். நம் சமயத்தவர் மனம் புண்பட்டது என்று பொலிஸுக்கு ஓடுகிறவர்களிடம் நான் சொல்வது, நாளைக்கு அதே கதவால் உங்களையும் கொண்டுபோவார்கள் என்பதுதான்.

மதம் பரப்புவதும் அப்படித்தான். வீடு வீடாக வந்து சுவிசேஷம் சொல்கிறவர்களை விரட்ட வேண்டும் என்று கிராமங்களில் கூட்டம் போடுகிறார்கள். 2003இல் கத்தோலிக்க அருட்சகோதரிகளின் சபை ஒன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தைப் பார்த்த உயர் நீதிமன்றம், மதத்தைப் பரப்புவது அரசியலமைப்புத் தந்த அடிப்படை உரிமை இல்லை என்றது. 2005இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அதைச் சர்வதேசச் சமவாயத்துக்கு முரண் என்றது. நான் குழுவின் பக்கம். பாஸ்டர் வந்து தன் கடவுளைச் சொல்லக்கூடாது என்றால், நான் போய்க் கடவுள் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் இராது. அவர் வரட்டும். தேத்தண்ணி கொடுத்து, உடன்பாடு இல்லை என்று சொல்லி அனுப்பலாம். பசியையும் வருத்தத்தையும் காட்டிப் பயமுறுத்தி மாற்றினால் அது வேறு கதை.

நமக்கும் குறை இருக்கிறது, அதையும் கேட்க வேண்டும். சாதாரண தரம் வரை பிள்ளை சமயம் படித்தே தீர வேண்டும். சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம், பௌத்தம் என்று இருக்கிறது. ஒன்றுமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒழுக்கவியல் என்றோ உலக மதங்கள் என்றோ ஒரு பாடம் இல்லை. ஓர் அரச அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போது மதம் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். எழுதுநர் என் பெயரைப் பார்த்துவிட்டு அவராகவே "இந்து" என்று எழுதினார். வெட்டச் சொன்னேன். "அப்ப என்ன போட?" என்றார். "இல்லை" என்று போடச் சொன்னேன். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டு போட்டார். என் மகள் சைவநெறியில் ஏ சித்தி எடுத்தாள். நன்றாகப் படித்தாள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தெரிவு என்ற ஒன்று அவளுக்கு இருந்திருக்க வேண்டும்.

கடைசிக் கேள்வி, அம்மா. என் அம்மா இறந்தபோது முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கன்னியாவுக்குப் போக வேண்டும் என்று அக்கா நின்றார். ஐயரிடம் போய், "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, மந்திரத்தைத் திருப்பிச் சொல்லமாட்டேன், மற்றபடி அம்மாவுக்காக நிற்கிறேன்" என்று நேராகச் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி செம்பைப் பிடிச்சுக்கொண்டு நில்லும், அது போதும்" என்றார். நின்றேன். ஏழு கிணற்றிலும் அக்கா அள்ளி அள்ளி ஊற்றி அழுதார். நான் பொய் சொல்லவில்லை, அக்காவைத் தனியே விடவும் இல்லை. ஐயரும் என்னைத் திருத்த வரவில்லை. அவர் எனக்குத் தந்த மரியாதையை அவருடைய தொழிலுக்கு நானும் திருப்பித் தர வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அதனால் போங்கள். கும்பிட மனம் இல்லாவிட்டால் கும்பிட வேண்டாம், விபூதியை நெற்றியில் பூச விருப்பமில்லாவிட்டால் கையில் வாங்கி அம்மாவிடம் கொடுங்கள். அம்மா கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், ஆனால் அன்றைக்கே மலையுச்சியில் வைத்து வாதம் தொடங்க வேண்டாம், வீட்டில் நிறைய நாள் இருக்கிறது. சிவராத்திரிக்குக் கூட்டம் நெரியும். ஓட்டோவைக் கோட்டை வாசலோடு மறித்துவிட்டால் மான்கள் மேயும் அந்த ஏற்றத்தில் அம்மாவை மெதுவாகக் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர்ப் போத்தல் ஒன்று கையில் இருக்கட்டும்.